நாலு மணி வரைக்கும்

ரிப்போர்ட் நாலு மணிக்குத்தான் என்று
கண்ணாடிக்குப் பின்னாலிருந்து சொன்னார்கள்.
இப்போது பத்தரை.

பாபு ராவ் தெரு லாட்ஜில்
மின்விசிறி சுற்றுக்கு ஒருமுறை முனகுகிறது.
சுவர்ப் பக்கம் படுத்திருந்த தவமணி
திரும்பாமலே சொன்னாள்:
"என் மூஞ்சிய எம்புட்டு நேரந்தான் பாப்பீக மதினி,
கோட்டைன்னு ஒண்ணு இருக்காம்ல,
பாத்துட்டு வந்து சொல்லுங்க."

ஒரு நகைச்சீட்டுக்காக
ஒன்பது வருஷம் என்னோடு பேசாதவள்.
கோவில்பட்டியில் ஏறி
காட்பாடியில் இறங்கும்வரை
தண்ணி பாட்டில் எங்கே என்பதைத் தவிர
ஒரு வார்த்தை இல்லை.

தெருவில் பாதிப் பலகைகள் வங்காளத்தில்.
கொடியில் காயப்போட்ட துணிபோல்
மேலே ஒரு கோடு,
அதிலிருந்து எழுத்துகள் தொங்குகின்றன.
கடுகெண்ணெய் காயும் வாசனை.
மொட்டைத் தலைச் சிறுவன் ஒருவன்
பலூன்காரரோடு பேரம் பேசுகிறான்,
அவன் மொழியில்.
பலூன்காரரும் அதே மொழியில்
கறாராக மறுக்கிறார்.

லாங்கு பஜாரில் கத்திரிக்காயை எடுத்தேன்.
காம்பு முள் சுருக்கென்றது.
விற்பவள் சிரித்தாள்.
"வெளியூரா? ஆஸ்பத்திரிக்கா?"
"இல்ல. கோட்டை பாக்க."
அப்படிச் சொல்லிக்கொள்வது
எவ்வளவு நன்றாக இருந்தது!
கால் கிலோ வாங்கினேன்.
லாட்ஜில் அடுப்பில்லை என்பது
அகழிக்கு வந்தபிறகே உறைத்தது.

அகழித் தண்ணீர் பச்சை.
அதில் கோட்டைச் சுவர்
தலைகீழாக இன்னொரு முறை கட்டப்பட்டிருந்தது.
உள்ளே ஒரே மதிலுக்குள்
கோயில், சர்ச், மசூதி.
மூன்றுக்கும் காக்கைகள் பொது.

சிப்பாய்கள் எழுந்த இடம் இதுதான்.
பள்ளியில் ஐந்து மதிப்பெண் கேள்வி,
தலைப்பாகை, ஜூலை, ஆயிரத்து எண்ணூற்று ஆறு.
விடியுமுன் தொடங்கி
உச்சிப்பொழுதுக்குள் அடங்கிவிட்டதாம்.
ஒரு காலைப்பொழுது எவ்வளவு நீளம் என்று
வினாத்தாளில் யாரும் கேட்கவில்லை.

மதில்மேல் ஒருவர் போனை நீட்டினார்,
படம் எடுக்கச் சொல்லி.
அவர் கக்கத்தில் எக்ஸ்ரே உறை.
என் தோள்பையிலும் அதேதான்.
இரண்டையும் பார்த்துக்கொண்டோம்.
அவர் இரண்டு விரல் காட்டினார்.
நான் நாலு.
தலையசைத்துவிட்டு
படத்துக்காகச் சட்டைக் காலரைச் சரிசெய்தார்.

கோயிலுக்குள் கல்யாண மண்டபம்.
இந்தச் சாமியே ரொம்பக் காலம் இங்கே இல்லையாம்,
சத்துவாச்சாரியில் இருந்துவிட்டுத் திரும்பியதாம்.
பக்கத்தில் யாரோ யாருக்கோ சொன்னது.
எனக்குப் பிடித்திருந்தது,
திரும்பியது என்கிற அந்தச் சொல்.

கல்லில் ஒரு தலை,
இரண்டு உடம்பு.
சீருடைச் சிறுமி ஒருத்தி
உள்ளங்கையால் ஒரு பக்கம் மறைத்தாள்.
"இப்ப மாடு."
கையை மாற்றினாள்.
"இப்ப யானை, பாருங்க ஆன்ட்டி."
அவள் போனபிறகும் நின்றேன்.
மறைத்தேன்: மாடு.
மறைத்தேன்: யானை.
கையை எடுத்தால்
இரண்டுமாக, இரண்டுமில்லாமல்
அது என்னைப் பார்த்தது.
எந்தக் கையால் மறைப்பார்கள்
அந்தக் கண்ணாடிக்குப் பின்னால்?
கைபேசியில் படமெடுத்துக்கொண்டு
அதைக் கேட்காமலே வெளியே வந்தேன்.

மூன்றேமுக்கால்.
நாற்காலி வரிசையில் தவமணி,
தலைவாரி, பொட்டு வைத்து,
என் சேலையில் ஒன்றைக் கட்டியிருந்தாள்.
கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.
கத்திரிக்காய்ப் பையை மடியில் வைத்தேன்.
"இதையா பாத்துட்டு வந்தீக?"

படத்தைக் காட்டினேன்.
விரலால் மறைத்தாள், மாற்றினாள்,
பெரிதாக்கினாள், வாயருகே கொண்டுபோனாள்.
"ரெண்டுக்கும் வாய் ஒண்ணுதானா?"
"ஆமா."
"அப்ப தீனிச் செலவு மிச்சம்."

நான் சிரித்துவிட்டேன்.
பக்கத்து நாற்காலிகள் திரும்பின.
அவளும் சிரித்தாள்,
ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அந்தத் தெத்துப்பல்.

மேலே திரையில்
சிவப்பு எண் மாறியது.
எங்களுக்கு இன்னும் மூன்று பேர்.